பாய்மரக் கப்பல் காலத்துக் கடற்போர் நாவல்கள்: அறுபதாம் பக்கத்தைத் தாண்டுவது எப்படி?

மணல்மேடு

பேட்ரிக் ஓ பிரையனின் 'மாஸ்டர் அண்ட் கமாண்டர்' நாவலை மூன்றாவது முறையாகத் தொடங்கினேன். இந்த முறையும் அறுபதாம் பக்கத்தை ஒட்டி மூடி வைத்துவிட்டேன்.

தொடக்கம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. 1800 ஏப்ரல், மினோர்க்கா தீவின் மாவோன் துறைமுகம். ஆளுநர் மாளிகையில் இசைக்கச்சேரி. அடுத்தடுத்த நாற்காலிகளில் இருவர்: கடற்படை அதிகாரி ஜேக் ஆப்ரி, டாக்டர் ஸ்டீஃபன் மட்டுரின். ஒருவர் தாளத்தை முந்திக்கொண்டு தட்ட, மற்றவருக்குப் பொறுக்கவில்லை. துப்பாக்கியோடு சந்திப்போம் என்கிற அளவுக்குப் போய்விடுகிறது. அந்த இருவரும்தான் இருபது நாவல்களுக்கு உயிர்நண்பர்கள் என்று தெரிந்தபோது ஆவல் கூடியது. ஆனால் கப்பல் புறப்பட்டதும் நான் கரையிலேயே நின்றுவிட்டேன். ஒவ்வொரு கயிற்றுக்கும் ஒரு பெயர், ஒவ்வொரு பாய்க்கும் ஒரு பெயர். அகராதியைப் புரட்டிக்கொண்டிருப்பதற்குள் கதை கையைவிட்டுப் போய்விடுகிறது.

இந்த வகை நாவல்களைப் படித்துப் பழகியவர்கள் இங்கே இருக்கிறார்கள் என்று தெரியும். நீங்கள் எப்படிக் கடந்தீர்கள்? வேறொரு நாவலில் தொடங்கியிருக்க வேண்டுமா?

பழையநூலகம்

வேறொன்றில்தான் தொடங்கியிருக்க வேண்டும். சி.எஸ். ஃபாரெஸ்டர் 1937இல் எழுதிய 'தி ஹேப்பி ரிட்டர்ன்'. ஹார்ன்புளோவர் என்ற கேப்டன் முதன்முதலாக வரும் நாவல். கயிறுகளின் பெயர் தெரியாமலே படிக்கலாம், ஏனென்றால் ஃபாரெஸ்டர் கப்பலை விடக் கேப்டனின் மனத்துக்குள்தான் அதிக நேரம் இருக்கிறார். பெரிய வீரன் என்று எல்லோரும் நம்பும் ஒருவன், தான் ஒரு கோழை என்று தனக்குள் நம்பிக்கொண்டிருக்கிறான்.

கதையின் முடிச்சையும் சொல்கிறேன், இந்த வகை எழுத்தின் சுவையே அதில் இருக்கிறது. 1808. பசிபிக் கடலில், மத்திய அமெரிக்கக் கரையோரம், மாதக்கணக்கில் எந்தச் செய்தியும் வராத ஒரு பிரிட்டிஷ் கப்பல். ஸ்பெயின் எதிரி என்ற உத்தரவின்படி ஒரு பெரிய ஸ்பானியப் போர்க்கப்பலை ஹார்ன்புளோவர் பிடிக்கிறான். பிடித்ததை ஸ்பெயினை எதிர்க்கும் உள்ளூர்க் கலகத் தலைவனிடம் ஒப்படைக்கிறான். அதன்பிறகு செய்தி வருகிறது: ஸ்பெயின் இப்போது நட்பு நாடு. தான் பிடித்துக் கொடுத்த அதே கப்பலோடு அவன் மறுபடியும் போரிட வேண்டும். தந்தி இல்லாத உலகம் என்பதை இதைவிட அழுத்தமாக யாராலும் சொல்ல முடியாது.

வெண்மணல்

ஐயா, ஃபாரெஸ்டரை நானும் மதிக்கிறேன். ஆனால் மணல்மேட்டுக்கு அந்த இரு நண்பர்களைத்தானே பிடித்திருக்கிறது? ஹார்ன்புளோவர் தனிமையில் வேகிறவன். அந்தத் தனிமைக்காகத் தேடிப் போகிறவர்களுக்கு அது சரி. நட்புக்காகப் போகிறவர்கள் ஓ பிரையனிடமே இருக்கலாம்.

மணல்மேடு, அகராதியை மூடிவிடுங்கள். டாக்டர் ஸ்டீஃபன் மட்டுரினைக் கவனியுங்கள். அவரை ஆசிரியர் கப்பலில் ஏற்றியதே நமக்காகத்தான். பறவையும் பூச்சியும் தெரிந்த அந்த மனிதருக்குக் கப்பலைப் பற்றி ஒன்றுமே தெரியாது. மௌவெட் என்ற இளைஞன் அவரைப் பாய்மரத்தின் மேலே ஏற்றி ஒவ்வொன்றாக விளக்குகிறான். டாக்டருக்கு அதில் பாதிதான் புரிகிறது. உங்களுக்கும் பாதி புரிந்தால் போதும். ஓ பிரையன் இறந்தது 2000 ஜனவரியில். அதுவரை எழுதி முடித்த இருபது நாவல்களிலும் அந்த டாக்டருக்கு முழுதாகப் புரிந்துவிடவில்லை!

கொண்டல்

எல்லோரும் சொற்களைப் பற்றியே பேசுகிறீர்கள். சிக்கல் சொற்களில் இல்லை, காற்றில் இருக்கிறது என்பது என் எண்ணம். நான் நாகப்பட்டினம் பக்கம், கடல்வீட்டுப் பிள்ளை. அப்பா இளமையில் பாய்த்தோணியில் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போனவர். கல்லூரியில் இந்த நாவல்களைக் கையில் எடுத்தபோது கயிற்றுப் பெயர்கள் எனக்கும் தெரியாது. ஆனால் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று ஆசிரியர் ஒரு வரி எழுதினால், அடுத்த மூன்று பக்கத்தில் யாருக்குக் கஷ்டம் வரப்போகிறது என்று தெரிந்துவிடும். அதுதான் கதை. மற்றதெல்லாம் அதன் மேல் கட்டியது.

மூன்று விஷயம் போதும்.

குறுக்காகப் பாய் கட்டிய போர்க்கப்பல் காற்றுக்கு நேர் எதிரே போக முடியாது. திசைகாட்டியை 32 பங்காகப் பிரித்தால், காற்று வரும் திசையிலிருந்து ஆறு பங்காவது, அதாவது ஏறக்குறைய 67 பாகையாவது, விலகித்தான் ஓட முடியும். எதிரே போக வேண்டுமென்றால் இடமும் வலமுமாக வளைந்து வளைந்து ஏற வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் நேரம் போகும், சில நேரம் திரும்பவே முடியாமல் கப்பல் காற்றின் கண்ணில் சிக்கி நின்றுவிடும்.

ஆகவே இரண்டு கப்பல்கள் எதிரெதிரே வந்தால், காற்று வரும் பக்கத்தில் இருப்பவனுக்குத்தான் சண்டையை எப்போது தொடங்குவது என்ற உரிமை. அவன் இறங்கி வரலாம், வராமலும் இருக்கலாம். மறுபக்கத்தில் இருப்பவன் காத்திருக்க வேண்டும், அல்லது காற்றோடு ஓடித் தப்ப வேண்டும். ஜேக் ஆப்ரி இரவெல்லாம் தூங்காமல் கப்பலை அங்கும் இங்கும் திருப்பிக்கொண்டிருப்பது அந்தப் பக்கத்துக்காகத்தான்.

மூன்றாவது, காற்று சொன்ன பேச்சைக் கேட்காது. இதற்கு எங்கள் ஊர்க் கடலிலேயே சாட்சி இருக்கிறது. 1782 ஜூலை 6. நாகப்பட்டினத்துக்கு எதிரே ஹியூஸின் பிரிட்டிஷ் கப்பல்கள் 11, சஃப்ரெனின் பிரெஞ்சுக் கப்பல்கள் 11. காலையில் தென்மேற்குக் காற்று. ஹியூஸ் காற்று வரும் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். பத்தரை, பதினொன்றுக்குப் பீரங்கிச் சண்டை தொடங்கியது. மதியம் ஒரு மணியை நெருங்கும்போது காற்று திடீரென்று தென்கிழக்குப் பக்கம் மாறிவிட்டது. சில கப்பல்கள் ஒரு பக்கமும் சில மறுபக்கமும் திரும்ப, இரண்டு வரிசைகளும் குலைந்துபோயின. போர் வரலாற்றில் இதைத் 'திடீர் மாற்றம்' என்று எழுதுகிறார்கள். ஆடி மாதத்தை ஒட்டி எங்கள் கரையில் காலையில் கரைக்காற்றும் மதியத்தில் கடற்காற்றும் வருவது பிள்ளைகளுக்கும் தெரியும். இரண்டு அட்மிரல்களும் அன்று ஒரு கட்டுமரக்காரரைக் கேட்டிருக்கலாம்.

மணல்மேடு

கொண்டல், இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். பேருந்தில் நின்றபடியே இரண்டு முறை படித்தேன்.

அடுத்து ஒரு சந்தேகம். இந்த நாவலின் பிற்பகுதியில் ஜேக் ஆப்ரியின் சின்னக் கப்பல், தன்னைவிடப் பல மடங்கு பெரிய ஸ்பானியக் கப்பலைப் பிடிப்பதாக ஒரு நண்பர் சொல்லிவிட்டார். கேட்டதும் ஆர்வம் குறைந்துவிட்டது. கதாநாயகன் என்பதற்காக இப்படி நடக்க முடியாததை எல்லாம் எழுதலாமா?

பழையநூலகம்

நடந்தது, தம்பி. நாவலாசிரியர் கற்பனையில் கூட்டவில்லை. சில இடங்களில் குறைத்துத்தான் எழுதியிருக்கிறார் என்றுகூட எனக்குத் தோன்றும்.

1801 மே 6, பார்சிலோனாவுக்கு எதிரே. தாமஸ் காக்ரேன் என்ற 25 வயது ஸ்காட்லாந்துக்காரரின் கப்பல் 'ஸ்பீடி'. பதினான்கு பீரங்கிகள், ஒவ்வொன்றும் 4 பவுண்டுக் குண்டு போடுவது. ஒரு பக்கத்து ஏழும் ஒருசேரச் சுட்டால் மொத்தம் 28 பவுண்டு இரும்பு. அத்தனை குண்டுகளையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மேல்தளத்தில் நடந்திருக்கிறேன் என்று அவரே பின்னாளில் எழுதினார். அன்று கப்பலில் இருந்தவர்கள் 54 பேர். மற்றவர்கள் முன்பே பிடித்த கப்பல்களை ஓட்டிக்கொண்டு போயிருந்தார்கள். எதிரே வந்தது 'காமோ', 32 பீரங்கிகள், 319 பேர்.

காக்ரேன் முதலில் அமெரிக்கக் கொடியை ஏற்றி எதிரியைக் குழப்பினார். கிடைத்த சில நிமிடங்களில் நெருங்கினார். எவ்வளவு நெருங்கினார் என்றால், இரண்டு கப்பல்களின் கயிறுகளும் சிக்கிக்கொள்ளும் அளவுக்கு. அங்கேதான் கணக்கு இருக்கிறது. காமோ உயரமான கப்பல். அதன் பீரங்கிகளை அவ்வளவு கீழே சாய்க்க முடியாது. குண்டுகள் ஸ்பீடியின் ஆட்களுக்கு மேலே பறந்தன. ஸ்பீடியின் சின்னப் பீரங்கிகளோ கீழிருந்து மேல்நோக்கிக் காமோவின் தளத்தைத் துளைத்தன. ஸ்பானியர்கள் தாவி வரப் பார்த்த ஒவ்வொரு முறையும் ஸ்பீடி சற்று விலகிச் சுட்டுவிட்டு மறுபடி ஒட்டிக்கொண்டது. கடைசியில் எல்லோரும் காமோவில் ஏறினார்கள். சுக்கானைப் பிடிக்க மிஞ்சியவர் கப்பல் மருத்துவர் ஒருவர்தான்! முகத்தில் கரி பூசிய ஒரு கூட்டம் முன்பக்கத்தில் ஏறியது. சண்டைக்கு நடுவே ஸ்பானியக் கொடியை இறக்கச் சொல்லி ஒருவரை அனுப்பினார் காக்ரேன். தங்கள் அதிகாரிகளே சரணடைந்துவிட்டார்கள் என்று நினைத்து மற்றவர்கள் ஆயுதத்தைக் கீழே போட்டார்கள். ஸ்பீடியில் இறந்தவர்கள் மூன்று பேர்.

இரண்டு மாதம் கழித்து அதே ஸ்பீடியை லின்வா என்ற பிரெஞ்சு அட்மிரலின் படை பிடித்துவிட்டது. அந்த லின்வாவை நினைவில் வையுங்கள், ஓ பிரையனின் மூன்றாவது நாவலில் மறுபடியும் வருவார். 1804 பிப்ரவரியில் மலாக்கா நீரிணைப் பக்கம், சீனாவிலிருந்து திரும்பிய கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகக் கப்பல்கள் போர்க்கப்பல்களைப் போல வரிசை கட்டி அவரை விரட்டிய கதை அதில் இருக்கிறது. அதுவும் உண்மையில் நடந்தது.

ஆரல்

ஒரு சிறு சேர்க்கை. இந்த வகை நாவலின் பாட்டன் எனப்படும் மேரியட், சிறுவனாகக் காக்ரேனின் இன்னொரு கப்பலில் பயிற்சி அதிகாரியாக இருந்தவர். 'மிஸ்டர் மிட்ஷிப்மேன் ஈஸி' 1836. ஆக, ஃபாரெஸ்டரும் ஓ பிரையனும் நூலகத்தில் தேடி எடுத்ததை மேரியட் தன் தோலில் அனுபவித்தார்.

'மாஸ்டர் அண்ட் கமாண்டர்' பெயரில் வந்த 2003 திரைப்படத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு: படத்தில் எதிரிக்கப்பல் பிரெஞ்சு, அது எடுக்கப்பட்ட நாவலில் அமெரிக்கக் கப்பல். தேடிக் குழம்ப வேண்டாம்.

செங்கழுநீர்

இந்த உற்சாகத்துக்கு நடுவே ஒன்று கேட்டே ஆக வேண்டும். அந்த 54 பேரில் எத்தனை பேர் விரும்பி வந்தவர்கள்? துறைமுகத் தெருக்களில் ஆளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கப்பலில் ஏற்றிய காலம் அது. சவுக்கடி அன்றாடத் தண்டனை. 1797இல் ஸ்பிட்ஹெட்டிலும் நோரிலும் மாலுமிகள் கப்பல் கப்பலாக வேலைநிறுத்தம் செய்தது சும்மா இல்லை. கேப்டனின் அறையில் வயலின் கேட்கும் நாவலில் கீழ்த்தளத்தின் நாற்றம் எவ்வளவு தூரம் வருகிறது?

நம்மவர்கள் எங்கே என்றும் தேடிப் பார்த்தேன். மூன்றாவது நாவலில் பம்பாய் வருகிறது (கதையின் ஒரு திருப்பத்தைச் சொல்கிறேன், வேண்டாதவர்கள் தாண்டிப் போங்கள்). தில் என்ற ஏழைச் சிறுமி டாக்டருக்கு நகரத்தைக் காட்டுகிறாள். அவள் ஆசைப்பட்ட வெள்ளி வளையல்களை அவர் வாங்கித் தருகிறார். அந்த வளையல்களுக்காகவே அவள் கொல்லப்படுகிறாள். நான் அழுதேன். பிறகு கோபம் வந்தது. டாக்டரின் துயரத்தை ஆழமாக்குவதற்காக ஒரு இந்தியக் குழந்தை சாக வேண்டியிருக்கிறது.

வெண்மணல்

உங்கள் கோபத்தை மறுக்கமாட்டேன். நானும் அந்த இடத்தில் புத்தகத்தை இரண்டு நாள் தொடவில்லை. ஆனால் தில் டாக்டரின் துயரத்துக்காக மட்டும் சாகவில்லை என்று எனக்குப் படுகிறது. நல்லெண்ணத்தோடு கொடுத்த பொருள் அவளைக் கொல்கிறது. தனக்குத் தெரியாத ஊரில் தன் அன்பு என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியவில்லை. பேரரசுக்காக வேலை செய்யும், ஆனால் அயர்லாந்தின் விடுதலைக்காக ஒரு காலத்தில் சதி செய்த மனிதர் அவர். அவருடைய குற்ற உணர்வை ஆசிரியர் துடைத்துவிடவில்லை.

கீழ்த்தளத்தைப் பற்றிச் சொன்னீர்களே, மருத்துவராக அவர் பார்ப்பது அதைத்தான். ஸ்கர்வியை, அதாவது ஈறு அழுகிப் பழைய புண் திறந்துகொள்ளும் நோயை, எலுமிச்சையும் ஆரஞ்சும் தீர்க்கும் என்று ஜேம்ஸ் லிண்ட் 1747இல் பன்னிரண்டு மாலுமிகளை வைத்துச் சோதித்துக் காட்டினார். கடற்படை எலுமிச்சைச் சாறு கொடுக்கத் தொடங்கியது 1795இல். நடுவில் 48 ஆண்டுகள்! இந்த ஒன்றை அறிந்த பிறகு அந்த நாவல்களில் மூட்டை எலுமிச்சம்பழம் கப்பலில் ஏறும் ஒவ்வொரு வரியையும் நான் நின்று படிக்கிறேன்.

கொண்டல்

அக்கா சொன்ன அந்த 48 ஆண்டுகளுக்குள்தான் எங்கள் கரையின் கடைசிச் சண்டையும் விழுகிறது. 1783 ஜூன் 20, கடலூர். ஹியூஸிடம் 18 கப்பல்கள், சஃப்ரெனிடம் 15. ஹியூஸின் ஆட்கள் ஸ்கர்வியில் விழுந்துகொண்டிருந்தார்கள், குடிநீரும் தட்டுப்பாடு. எண்ணிக்கை அதிகமாக இருந்தும் சண்டைக்குப் பிறகு சென்னைக்குத் திரும்ப வேண்டியதாயிற்று.

இன்னொன்று இதைவிட வலிக்கும். பிரிட்டனும் பிரான்சும் சமாதான முன்னொப்பந்தத்தில் கையெழுத்திட்டது அந்த ஆண்டு ஜனவரி 20. செய்தி கடலூருக்கு வந்து சேர்ந்தது ஜூன் 29. ஐந்து மாதத்துக்கு முன்பே முடிந்துபோன போரில் அன்று கடலில் செத்தவர்களை நினைத்துப் பாருங்கள். ஐயா சொன்ன ஹார்ன்புளோவர் முடிச்சு கற்பனையில் பிறந்தது. இது கெடிலம் கடலில் கலக்கும் இடத்துக்கு எதிரே நடந்தது.

கோணமலை

திருகோணமலையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரின் பெயரைத் தாங்கிய பாய்மரப் போர்க்கப்பல் ஒன்று இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது என்பது இங்கே பலருக்குத் தெரியாது போலிருக்கிறது. 'எச்.எம்.எஸ். டிரிங்கோமலி'. 1817 அக்டோபர் 12 அன்று பம்பாயில் வாடியா குடும்பத்தாரின் மேற்பார்வையில் கடலில் இறக்கப்பட்டது. முழுவதும் தேக்கு. நீரில் மிதக்கும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் இதுவே மிகப் பழையது.

அதன் பிறப்பிலேயே ஒரு நாவல் இருக்கிறது. கட்டுவதற்கான வரைபடங்களைப் பம்பாய்க்கு ஏற்றிவந்த 'ஜாவா' என்ற கப்பலை 1812 டிசம்பரில் பிரேசிலுக்கு அப்பால் அமெரிக்கர்களின் 'கான்ஸ்டிடியூஷன்' பிடித்து எரித்துவிட்டது. வரைபடம் மறுபடி அனுப்பப்பட வேண்டியிருந்தது. அந்த ஜாவாவின் கடைசிச் சண்டையை ஓ பிரையனின் ஆறாவது நாவலில் ஜேக் ஆப்ரியின் கண்வழியாகப் படிக்கலாம். படித்தபோது எங்கள் கப்பலின் வரைபடமும் அந்தத் தீயில் போகிறதே என்று எனக்குப் பதைத்தது.

செங்கழுநீர்

கோணமலை, நன்றி. இது தெரியாது. வாடியாவின் பெயர் நிற்கிறது, அதுவே பெரிது. அந்தத் தேக்கை அறுத்தவர்களின் பெயரும் வேண்டும் என்று கேட்பேன், கேட்டுக்கொண்டே இருப்பேன்.

கொண்டல் சொன்ன கடலூரை விட மனமில்லை. அன்று சென்னைக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். ஆணியே இல்லாமல் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலாப் படகுகளில் நம் படகோட்டிகள்தான் அலையைக் கடந்து ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தார்கள். காயம்பட்டவர்களையும் ஸ்கர்வி நோயாளிகளையும் ஹியூஸின் கப்பலிலிருந்து இறக்கும் ஒரு படகோட்டியின் கண்ணிலிருந்து ஒரு நாவல் தொடங்கட்டும். கேப்டனின் அறைக்குள் அவன் ஒருபோதும் போக வேண்டாம். கடலை அவனைவிட நன்றாக அறிந்தவர் அந்தக் கப்பலில் யாரும் இல்லை என்பது மட்டும் வாசகனுக்குத் தெரிந்தால் போதும்.

பழையநூலகம்

தமிழில் இந்தக் காலத்துக் கடலை எவரும் தொடவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். சாண்டில்யனின் 'ஜலதீபம்' மூன்று பாகமும் மராட்டியக் கடற்படைத் தலைவர் கனோஜி ஆங்கரேயின் காலத்தில்தான் நடக்கிறது. ஆங்கரே 1729இல் இறக்கும்வரை கொங்கணக் கரையில் பிரிட்டிஷாரும் போர்த்துகீசியரும் சேர்ந்து வந்தும் அவரை அசைக்க முடியவில்லை. சாண்டில்யனின் காதல் வர்ணனைகள் எனக்கு அலுத்துவிடும். கப்பல் புறப்பட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன். தோணிக்காரர்களின் சொற்களுக்கு ஜோ டி குருஸின் 'கொற்கை' இருக்கிறது. செங்கழுநீர் கேட்கும் நாவலை எழுதப்போகிறவர் இந்த இரண்டையும் மேசையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மணல்மேடு

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். அறுபதாம் பக்கம் எப்போதோ போய்விட்டது. நேற்று இரவு ஸ்பானியக் கப்பல் சண்டையை முடித்தேன். அகராதியைத் திறக்கவில்லை. ஒவ்வொரு அத்தியாயத்தின் ஓரத்திலும் பென்சிலால் ஒரு அம்புக்குறி மட்டும் போட்டேன், காற்று வரும் திசைக்கு. கொண்டல் சொன்னது சரி, அம்பைப் பார்த்தாலே யார் தவிக்கிறார் என்று தெரிகிறது.

இப்போது ஆசை முற்றிவிட்டது. ஒரு பக்கத்தையாவது தமிழில் சொல்லிப் பார்க்க வேண்டும் என்று உட்கார்ந்தேன். கப்பலின் முன்பக்கத்துக்கு அணியம், பின்பக்கத்துக்கு அமரம், பாய் தொங்கும் குறுக்குமரத்துக்குப் பருமல் என்று வைத்துக்கொண்டேன். காற்று வரும் பக்கத்தைப் பிடிப்பதற்கு 'மேல்காற்று நிலை' என்று எழுதியிருக்கிறேன். பொருந்துமா?

கொண்டல்

அணியம், அமரம், பருமல் மூன்றும் எங்கள் பேச்சில் உள்ளவை, தயங்காமல் எழுதுங்கள். 'மேல்காற்று' வேண்டாம். கரையில் அது மேற்குக் காற்று, கச்சான் என்போம். உங்கள் வாக்கியத்தைப் படிக்கிற கடற்காரர் கப்பல் மேற்கே நிற்கிறது என்று நினைத்துவிடுவார். அப்பாவிடம் கேட்டேன். 'காற்றுக்கு மேலே', 'காற்றுக்குக் கீழே' என்று பிரித்து எழுதினால் குழப்பம் வராது என்றார்.

அப்படியே ஸ்பீடியின் கதையையும் அவருக்குச் சொன்னேன். 54 பேர், 319 பேர், கரி பூசிய முகம், சுக்கானில் மருத்துவர், எல்லாம். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அன்றைக்கு என்ன காற்று?" என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டார். என் பிரதியை நண்பர் ஒருவர் வாங்கிப் போயிருக்கிறார். நாவலில் அந்தச் சண்டைக்கு நீங்கள் போட்ட அம்பு எந்தப் பக்கம் என்று பார்த்துச் சொல்லுங்கள் மணல்மேடு, காலையில் அவர் மறுபடி கேட்பார்.